கடைசியாக இறங்குபவர்

அந்தச் சதுப்புநிலப் பூங்காவில் மின்னலுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வானம் கறுத்து, அலையாத்திக் காட்டின் மேல் இடி உருளத் தொடங்கிவிடும். அதனால் அபாயச் சங்கு ஒலித்தால் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு கல் கட்டடத்துக்கு ஓடிவர வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. விலங்குகளைப் பார்ப்பதற்கான இரும்புக் கோபுரத்திலிருந்து வழிகாட்டிதான் கடைசியாக இறங்க வேண்டும்.

சிட்டுவின் அப்பாதான் அந்த வழிகாட்டி. அம்மா நுழைவுச் சீட்டு கொடுப்பவர். சங்கை ஒலிக்க விடுவதும் அவர் வேலைதான். பள்ளி விடுமுறை என்பதால் அன்று சிட்டுவும் அங்கே இருந்தாள்.

சங்கு ஒலித்ததும் பார்வையாளர்கள் தடதடவென்று ஓடிவந்து அறையை நிறைத்தார்கள். அப்பாவை மட்டும் காணோம். சிட்டு சன்னலுக்கு ஓடினாள். கோபுரத்தின் உச்சியில் அப்பாவும், பெரிய கேமராவோடு வந்திருந்த படக்காரரும் நின்றிருந்தார்கள். வானத்தில் மின்னல் பளீரென்று வெட்டியது.

அம்மா வாக்கி டாக்கியை எடுத்தார். "என்னங்க, இன்னும் அங்க என்ன பண்றீங்க?"

"நீர்நாய் குட்டியைக் கவ்விக்கிட்டு வெளிய வந்திருக்கு. சார் ஒரே ஒரு படம் எடுத்துட்டு வர்றேங்கிறார்" என்றார் அப்பா.

"கறாரா சொல்லுங்களேன்."

"சொல்லிட்டேன். 'நீங்க போங்க, நான் வர்றேன்'ங்கிறார்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எறும்புகிட்டகூட 'கொஞ்சம் நகருங்க'ன்னு கேக்கிற மனுஷன். இவராவது, கறாரா பேசறதாவது."

அடுத்த இடியில் சன்னல் அதிர்ந்தது. அப்பாவும் ஆசையாக வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் அந்தப் படக்காரர் நினைத்திருப்பார் என்று சிட்டுவுக்குத் தோன்றியது. உடனே வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, உங்க வாக்கி டாக்கியை அந்த மாமாகிட்ட குடுங்க."

"யாரும்மா? சீக்கிரம் சொல்லு. குட்டி இப்பதான் இந்தப் பக்கம் திரும்புது" என்றார் படக்காரர்.

"நான் வழிகாட்டியோட பொண்ணு மாமா. எங்கப்பா நீர்நாயைத் தினமும் பாக்கறார். இப்ப உங்களுக்காகத்தான் நிக்கிறார். நீங்க இறங்காம அவர் இறங்கக் கூடாது. அதான் இங்க விதி. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு மாமா."



"எனக்கு இது தெரியாதேம்மா" என்றார் அவர், மெதுவாக. "இதோ வந்துட்டோம்."

படிகளில் காலடிச் சத்தம் தடதடத்தது. மழை கொட்ட, மரப் பாலத்தில் இருவரும் ஓடிவந்தார்கள். வாசல்வரை வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"முதல்ல நீங்க போங்க. என்னாலதானே இவ்வளவு கஷ்டம்" என்றார் படக்காரர்.

"அது எப்படி சார்? நான்தான் கடைசி" என்றார் அப்பா.

"பரவாயில்லை, நீங்க போங்க."

"இல்லை சார், நீங்க."

கொட்டுகிற மழையில் இப்படியா மரியாதை பார்ப்பார்கள்? சிட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இருவரும் ஒன்றாக உள்ளே வந்து தொபுக்கென்று விழுந்தார்கள். அம்மா கதவைச் சாத்தினார்.

உடனே அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். காதடைக்கும்படி ஓர் இடி. கோபுரத்தின் உச்சியில் தீப்பொறி பறந்தது. அங்கே யாரும் இல்லை.



"படம் கிடைக்கலையா மாமா?" என்று கேட்டாள் சிட்டு.

"கிடைக்கலைம்மா" என்றார் படக்காரர். "பரவாயில்லை. நல்லவேளை, நீ பேசினே."

சிட்டு அப்பாவின் ஈரச் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மழை நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.