மடங்காத சுண்டுவிரல்

ரெக்சலினின் வலது மணிக்கட்டில் பட்டை கட்டும் இடம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். பட்டையிலிருந்து ஒரு மெல்லிய வடம் மடிக்கணினியின் நரம்புவாய்க்குப் போகும். விரல் அசைவதற்கு முன்பே, அசையச் சொல்லி நரம்பில் வரும் கட்டளையைப் பட்டை படித்துவிடும். நரம்புவாய் அதைக் கணினிக்குள் கொண்டுபோகும். தூத்துக்குடியில் விசைப்பலகையை இப்போது பழைய சாமான் கடையில்தான் பார்க்கலாம்.

அவள் ஆவணப்படங்கள் எடுத்து, படத்தொகுப்பும் செய்பவள். தம்பி ஜோவான் 'கோட்டைவேட்டை' என்ற கணினி விளையாட்டு ஆடுபவன். ஊர்ப் போட்டிகளில் ஜெயித்து இப்போது சென்னை இறுதிச்சுற்றுக்குத் தேர்வாகியிருந்தான். வீட்டில் நல்ல கணினி ஒன்றுதான். அதற்கு இடப்பக்கம் ஒரு நரம்புவாய், வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் அவன் சண்டை போடுவான், வலப்பக்கம் அவள் படம் வெட்டுவாள்.

வியாழக்கிழமை காலையில் ஜோவான் கணினியைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் புது நரம்புவாய் மாட்டிக்கொண்டு வந்தான். பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கா மாத்தணும்? சாயங்காலம் படம் குடுக்கணும்ல," என்றாள் ரெக்சலின்.

"இதுல சீக்கிரம் முடியும்க்கா. முடிச்சிட்டு எனக்கு நன்றி சொல்லு."

சீக்கிரம்தான் முடிந்தது. நாள் முழுக்க ஆகும் என்று நினைத்த நிறச்சரிசெய்தல் மதியச் சாப்பாட்டுக்கு முன் தீர்ந்தது. நினைத்த இடத்தில் வெட்டு விழுந்தது. பிறகு, படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டுப் பார்த்தாள்.

படம் இசக்கி என்ற கபடி வீராங்கனையைப் பற்றியது. முழங்கால் உடைந்து ஒரு வருடம் படுத்திருந்தவள். படத்தின் முடிவில் ரெக்சலின் அவளிடம் கேட்கிறாள்: "மறுபடி ஆடுவீங்களா?" இசக்கி பதில் சொல்லவில்லை. முழங்காலைப் பார்க்கிறாள். மைதானத்தைப் பார்க்கிறாள். பட்டை கட்டாத கை மடியில் கிடக்கிறது. கபடி ஆடுபவர்கள் பட்டை கட்டுவதில்லை, பிடியில் அறுந்துவிடும். வெகுநேரம் கழித்து, "ஆடுவேன்," என்கிறாள்.

படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போது இசக்கி வண்டிவரை வந்தாள். "அக்கா, நான் சட்டுனு சொன்ன மாதிரி போட்டுறாதீங்க. யோசிச்சுதான் சொன்னேன்னு எங்கம்மாவுக்குத் தெரியணும்." ரெக்சலின் சரி என்று சொல்லியிருந்தாள்.

இப்போது திரையில் கேள்வி வந்தது. உடனே பதில் வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

அவள் வெட்டை நீக்கினாள். மௌனம் திரும்பி வந்தது. மறுபடி ஓட்டினாள். மௌனம் வரும் இடத்தில் மறுபடி வெட்டு விழுந்தது.

"ஏல, இத நீ வெட்டினியா?"

"உன் படத்த நான் எதுக்கு வெட்டுதேன்? நான் கோட்டைக்குள்ள இருக்கேன்."

"அப்ப யாரு?"

ஜோவான் எட்டிப் பார்த்தான். "வலது வாய்னு போட்டிருக்கு. உன் கைதான்."

"என் கை சும்மா இருந்துச்சுல."

"சும்மா இருந்த கை எப்படி வெட்டும்? ராத்திரி நல்லா தூங்கு."

பட்டையைக் கழற்றிவிட்டு அனுப்பவும் முடியாது. இயந்திரமே செய்த படங்கள் பெருகிய பிறகு, படம் வாங்குபவர்கள் கைச்சாட்சி கேட்டார்கள். தொகுத்தவர் பட்டையோடு உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை படத்தை ஒருமுறை நிறுத்தாமல் ஓட்டவேண்டும். அந்த ஓட்டத்தில் நிற்பதுதான் படம். மதியம் அப்படி ஓட்டிய பிரதி, மௌனம் வெட்டுப்பட்டபடியே, தயாரிப்பாளருக்குப் பார்க்கப் போயிருந்தது.

தயாரிப்பாளர் காசிராஜன் போன் செய்தார். நிலைமையைச் சொன்னாள்.

"மதியம் பார்க்கக் குடுத்தியே, அது விறுவிறுப்பா இருந்துச்சும்மா. கேட்டதும் ஆடுவேன்னு சொல்லுது பாரு, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"அது அப்படிச் சொல்லல சார்."

"ஆறு மணிக்கு வரலைன்னா நான் அதையே அனுப்பிருவேன். ரெண்டு மாசமா வாங்குறவங்க கையக் கால பிடிச்சிட்டிருக்கேன்."

அவள் போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய நரம்புவாய் கையைவிட மெதுவானது. கை எதையும் சொல்லாத நேரத்தில் அது முந்தைய கட்டளையைச் சுமந்துகொண்டிருக்கும். புதியது கையைவிட வேகமானது. அதனால் கட்டளைகளுக்கு நடுவே அதற்குக் காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்க அதற்குத் தெரியாது. கையும் அதற்கு வடத்தில் மாட்டிய ஒரு சாதனம்தான்; அது பதில் தராவிட்டால், பழுது என்று எடுத்துக்கொண்டு, முன்பு செய்ததை வைத்து ஊகித்து மேலே போகும். ரெக்சலின் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மௌனங்களை வெட்டியிருக்கிறாள். இதையும் வெட்டுவாள் என்று அது ஊகித்தது.

வெட்டச் சொல்ல நரம்பில் கட்டளை உண்டு. வெட்டாமல் விடுவதற்குக் கட்டளை இல்லை.

"ஜோவான், நீ ஆட்டத்துல பதுங்குவியே, அப்ப உன் ஆள் தானா சுடலையா?"

"எனக்குச் சுடல. ஆனா புது வாய் மாட்டின மத்தவனுங்க எல்லாம் இன்னைக்குக் கிறுக்குப் புடிச்ச மாதிரி ஓடுதானுங்க. ஒருத்தனும் பதுங்க மாட்டேங்கான். பெஞ்சமின்னு ஒருத்தன் வந்து என் துப்பாக்கி முன்னாலேயே நின்னான்."

அவள் அவன் கையைப் பார்த்தாள். திரையில் அவனுடைய ஆள் மதிலோரம் அசையாமல் இருந்தான். மேசைமேல் ஜோவானின் சுண்டுவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

"அந்த விரல ஏன் மடக்கி வச்சிருக்க?"

"எந்த விரல?" அவனும் அப்போதுதான் பார்த்தான்.

"நிமித்து."

நிமிர்த்தினான். அவனுடைய ஆள் மதிலைவிட்டு வெளியே குதித்து வெற்றுவெளியில் சுட்டான். எதிரிகள் அவனைச் சுட்டார்கள்.

"செத்துட்டேன்," என்றான் ஜோவான். "சந்தோஷமா?"

அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். விரல் மடங்கியிருக்கும்வரை நரம்பில் கட்டளை ஓடிக்கொண்டிருக்கிறது. சாதனம் உயிரோடு இருப்பதாக வாய் நம்புகிறது. ஊகிக்காமல் விடுகிறது.

கைச்சாட்சி ஓட்டத்தைத் தொடங்கினாள். கடைசிக் காட்சி வந்தது. "மறுபடி ஆடுவீங்களா?" சுண்டுவிரலை மடக்கினாள். பழக்கமில்லாததால் விரல் வலித்தது. இசக்கி முழங்காலைப் பார்த்தாள். மைதானத்தைப் பார்த்தாள். தெருவில் மீன்காரர் வண்டி போகும் சத்தம் கேட்டது. "ஆடுவேன்," என்றாள் இசக்கி.

ஆறு மணிக்குள் படம் போய்ச் சேர்ந்தது. அந்த மௌனத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள்.

இறுதிச்சுற்றில் ஜோவான் ஜெயித்தான். அத்தனை பேரில் பதுங்கத் தெரிந்தவன் அவன் ஒருவன். வர்ணனையாளர்கள் அவன் கையைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அடுத்த வாரமே எல்லா ஆட்டக்காரர்களும் சுண்டுவிரலை மடக்கினார்கள். ஓவியர்கள் மடக்கினார்கள். இசையமைப்பாளர்கள், இரண்டு தாளத்துக்கு நடுவே இடைவெளி வேண்டும்போது மடக்கினார்கள். நரம்புவாய் நிறுவனம் அதற்கு 'இருப்புச்சைகை' என்று பெயர் வைத்துக் கையேட்டில் சேர்த்துக்கொண்டது. வாயைத் திருத்துவதைவிட விரலைப் பழக்குவது சுலபமாக இருந்தது.

விரல் பழகியபின் பட்டை இல்லாத நேரத்திலும் மடங்கியது. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைகள் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு நின்றால் ஆசிரியர்கள் காத்திருந்தார்கள். மடக்காத பிள்ளையைத் தாண்டி அடுத்த பிள்ளையிடம் போனார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பையன் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு யோசித்துப் பதில் சொன்னதாகவும், நிதானமான பையன் என்று அந்த வீட்டில் உடனே சம்மதித்ததாகவும் பேசிக்கொண்டார்கள்.

மூன்று வருடம் கழித்து இசக்கியைப் பற்றி இன்னொரு படம் எடுத்தார்கள். அவள் மறுபடி ஆடி, மறுபடி முழங்கால் உடைந்து, இப்போது பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நொண்டித்தான் நடந்தாள். ரெக்சலினைப் பார்த்ததும், "போன படத்துல நான் யோசிச்சத அப்படியே போட்டீங்கக்கா. எங்கம்மா அந்த எடத்த மட்டும் திருப்பித் திருப்பிப் பாத்தா," என்றாள்.

இந்தமுறை ஜோவானும் உதவிக்கு வந்து கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கடைசிக் கேள்வி: "அன்னைக்கு ஆடுவேன்னு சொன்னதுக்கு வருத்தப்படுதீங்களா?"

இசக்கி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இல்லை," என்றாள்.

படம் வெளியான அன்று ஜோவான் அதை வீட்டில் பார்த்தான். கேள்வி வந்தது. உடனே பதில் வந்தது.

"அக்கா, இங்க அவங்க ரொம்ப நேரம் சும்மா இருந்தாங்களே. நரம்புவாய் வெட்டிருச்சா?"

"இல்ல. நான்தான் வெட்டினேன்."

"ஏன்?"

"அவ ஒண்ணும் யோசிக்கல. சும்மா உக்காந்திருந்தா. சுண்டுவிரல் நேராத்தான் இருந்துச்சு. நல்லா பாத்துட்டுத்தான் வெட்டினேன்."

ஜோவான் படத்தைப் பின்னால் ஓட்டி இசக்கியின் கையில் நிறுத்தினான். மடியில் கிடந்த கை. மணிக்கட்டு முழுக்க ஒரே கறுப்பு. வெளுத்த வளையம் எதுவும் அதில் இல்லை.

"அவங்கதான் பட்டையே கட்டினதில்லையேக்கா. அவங்களுக்கு எப்படி மடக்கத் தெரியும்?"

ரெக்சலின் திரையில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மேசைமேல் இருந்தது.

ஜோவான் அவளுடைய சுண்டுவிரலைப் பார்த்தான். நேராக இருந்தது.

"சரி, சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவன் எழுந்தான்.