அண்ணன் காருக்கு ஒரு பித்தளை புஷ்

நட்டுவின் வலது கை நட்டுவுக்காக ஓட்டும். இடது கை அண்ணனுக்காக ஓட்டும். நான்கு மாதமாக இப்படித்தான் பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

கார் என்றால் உள்ளங்கை நீளக் கார்தான். அறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பலகை கிடந்தது. அதில் வளைந்து நெளிந்து போகும் இரண்டு தடங்கள். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு மெல்லிய பள்ளம். காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் சின்ன நாக்கு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொள்ளும். பள்ளத்தின் இருபுறமும் செம்புப் பட்டை, பட்டையில் மின்சாரம். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் கார் பறக்கும். வளைவில் அதிகமாக அழுத்தினால் நிஜமாகவே பறந்துவிடும். பிறகு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்த்தான் தேட வேண்டும்.

பலகை, தடம், கார் எல்லாமே அண்ணனும் அவளும் சேர்ந்து செய்தவை. காரின் அடிச்சட்டமான சேஸியைக்கூடக் கடையில் வாங்கவில்லை. பித்தளைத் தகட்டை வெட்டி, கம்பியை வளைத்து, ஈயத்தை உருக்கி ஒட்டினார்கள்.

"ஒருத்தன் போல்ட்டு, ஒருத்தி நட்டு. எங்க பாத்தாலும் ரெண்டும் ஒண்ணாத்தான் கிடக்கும்" என்று பேர் வைத்தவர் அப்பா. அவர் லாரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் சாலையில்தான் இருப்பார். அம்மா துணிக்கடையில் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிவிடும். அண்ணன் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது நட்டு மட்டும்.

வகுப்பில் யாராவது, "என்னடி, நட்டு கழண்டுபோச்சா?" என்று கேலி செய்வார்கள். முன்பெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. கழண்டுதான் போய்விட்டது, அதில் என்ன பொய் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு நோட்டில் 'நான்', 'அண்ணன்' என்று இரண்டு வரிசை போட்டு, யார் ஜெயித்தது என்று ஆடும்போதெல்லாம் எழுதி, அண்ணனுக்கும் போனில் சொல்லி வந்தாள். அண்ணன் நாற்பத்தொன்று, அவள் முப்பத்தெட்டு. ஊரிலேயே இல்லாமல் அண்ணன் ஜெயித்துக்கொண்டிருந்தான்!

புதன்கிழமை மாலை அண்ணன் கார் ஒரு வளைவில் தள்ளாடியது. அடுத்த வளைவில் கிறீச்சென்று கத்தியது. பிறகு நின்றேவிட்டது.

நட்டு காரைத் திருப்பிப் பார்த்தாள். பின் சக்கரங்களைச் சேர்க்கும் அச்சு, சேஸியில் ஒட்டியிருக்கும் இரண்டு சின்னப் பித்தளைக் குழாய்களுக்குள் சுழலும். அந்தக் குழாய்க்குப் பேர் புஷ். அரிசி மணியைவிட ஒரு சுற்று பெரியது, அவ்வளவுதான். அதில் ஒன்று தேய்ந்து ஓட்டை அகன்றுபோயிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து அண்ணன் போன் செய்தான்.

"நட்டு! ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். சாயங்காலம் கிளம்பிடணும். நிஜமான பந்தயம் வச்சுக்கலாம். என் வண்டி நல்லா இருக்கா?"

நட்டு கையில் இருந்த ஆடும் சக்கரத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதற்கென்றே பாகம் விற்பவர்களுக்கு எழுதிக் கேட்டால் வந்து சேர மூன்று வாரம் ஆகும். இருப்பதோ மூன்று நாள். அச்சைக் கழற்றி ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு, மறுநாள் பள்ளி விட்டதும் கடைத்தெருவுக்குப் போனாள்.

இரும்புக்கடைக்காரர் இழுப்பறையைத் துழாவி ஒரு புஷ்ஷை எடுத்து வைத்தார். அது அவள் மணிக்கட்டில் வளையலாகப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இருந்தது.

"இருக்கறதுலயே சின்னது இதுதான் பாப்பா."

சைக்கிள் கடைக்காரர் அச்சைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "எறும்பு ஓட்டுற சைக்கிளா இது?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். கடிகாரக் கடையில் இருந்த குழாய்களோ தலைமுடிதான் நுழையும் என்பது போல இருந்தன.

வெள்ளிக்கிழமையும் அலைந்ததுதான் மிச்சம். நட்டு குடியிருப்பின் வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். மேலே போனால் யாரும் இல்லாத வீடு. அதற்கு இந்தப் படியே மேல்.

"என்ன, முகம் இப்படித் தொங்குது?" என்றார் கேட் அக்கா.

கேட் அக்கா வாசல் கூண்டில் இருக்கும் காவலர். வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. காக்கிச் சட்டை தோளில் கொஞ்சம் பெரிதாக இருக்கும். குடியிருப்பில் எல்லோரும் அவரிடம் பேசுவது ஒரே வார்த்தை, "கேட்டைத் திறங்க!" மற்ற நேரமெல்லாம் அவரோடு பேசுவது ஒரு குட்டி ரேடியோ.

நட்டு தீப்பெட்டியைத் திறந்து கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே அக்கா ரேடியோவின் ஏரியலை நேராக்கினார். ஏரியலின் மேல் பாதி முறிந்து, பிளாஸ்டர் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கை பட்டதும் அது ஒரு துண்டுக்குள் ஒரு துண்டாக நுழைவதைப் பார்த்த நட்டு துள்ளி எழுந்தாள்.

"அக்கா! இது குழாய்க்குள்ள குழாய்!"

"ஆமா. அதுக்கென்ன?"

"அச்சை நுழைச்சுப் பாக்கட்டுமா?"

அக்கா பிளாஸ்டரைப் பிரித்து மேல் பாதியை எடுத்துக் கொடுத்தார். நுனித் துண்டு குழாயே இல்லை, வெறும் கம்பி. இரண்டாவது துண்டில் அச்சு நுழையவில்லை. மூன்றாவதில் சத்தமே இல்லாமல் நழுவி உள்ளே போய், ஆடாமல் அசையாமல் நின்றது. விரலால் உருட்டினால் சுழன்றது.

"நீயே வச்சுக்கோ. எப்படியும் உடைஞ்சதுதானே" என்றார் அக்கா.

"உங்க ரேடியோ?"

"பாதி ஏரியல் இருக்கே. பாடாம எங்க போகும்?"

நட்டு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இரண்டாம் மாடிக்கு ஓடினாள்.

ஈயம் உருக்கும் சூடான வேலைக்கு அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அம்மா வீட்டில் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சனிக்கிழமை அம்மாவுக்குப் பாதி நாள்தான் வேலை. அம்மா வரும் முன்பே நட்டு வெட்டும் வேலையை முடித்துவிட்டாள். குழாய் வெளியே வெள்ளையாக மின்னியது. உப்புத்தாளால் தேய்த்ததும் உள்ளேயிருந்து மஞ்சள் பித்தளை எட்டிப் பார்த்தது. இரண்டு துண்டு வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவினாள்.

அம்மா வந்ததும் பழைய புஷ்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தாள். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்பதற்காக அச்சை நடுவே நுழைத்தாள். ஈயத்தை உருக்கி ஒட்டினாள். பளபளவென்று அழகாகப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டது. சக்கரத்தைச் சுழற்றினால் அசையவே இல்லை. ஈயம் உள்ளே ஓடி, புஷ்ஷும் அச்சும் ஒன்றாகிவிட்டன.

"மெழுகுவர்த்திக் கரி! ஐயோ, மறந்துட்டேன்!"

அச்சை முதலில் மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைக்க வேண்டும். கரியில் ஈயம் ஒட்டாது. அண்ணன் அப்படிச் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவசரத்தில் கோட்டை விட்டாள்.

மறுபடி சூடாக்கி, குறடால் அச்சை இழுத்து எடுத்து, ஆறுவதற்காக வைத்தாள். புஷ் இரண்டும் வீண். இன்னும் குழாய் இருக்கிறது, இன்னும் நேரமும் இருக்கிறது. ஜன்னலோரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். ஏதோ குறைந்தது. என்ன என்று உடனே தெரியவில்லை.

ரேடியோ. இந்நேரம் கீழேயிருந்து பாட்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே!

நட்டு கீழே ஓடினாள். கேட் அக்கா ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார். அதிலிருந்து வந்தது 'உஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும்.

"பாடலையா அக்கா?"

"நேத்துலேர்ந்து இப்படித்தான். பரவால்ல விடு. ஏதோ ஒரு சத்தம் பக்கத்துல இருந்தாப் போதும்."

"வேற ரேடியோ இல்லையா?"

"தங்கியிருக்கற ரூம்லயும் இதுதான். வீட்டாளுங்க எல்லாம் ஊர்ல இருக்காங்க. இங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்று அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

நட்டுவுக்குத் தன் இடது கை ஞாபகம் வந்தது. யாரும் இல்லாதபோது ஒரு கையை அண்ணன் என்று வைத்துக்கொண்டவள் அவள். அக்கா இரைச்சலைத் துணையாக வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணையின் பாதியை வெட்டித் தேய்த்து வீணாக்கியது யார்? அவளுக்கு அழுகை முட்டியது. வெட்டியதை இனி ஒட்டவும் முடியாது.

"பத்து நிமிஷம் இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

அண்ணனின் பெட்டியில் பழைய அழைப்புமணிக் கம்பி ஒரு சுருள் இருந்தது. ஏரியல் என்பது என்ன, ஒரு நீளக் கம்பிதானே! எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கம்பியின் ஒரு முனையில் திருகாணிகள் போட்ட ஒரு டப்பாவைக் கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டினாள். மறுமுனையில் கனத்துக்கு ஒரு போல்ட்டைக் கட்டிக் கீழே இறக்கினாள்.

"வேலைய நடுவுல போட்டுட்டு எங்கடி ஓடுற? நாளைக்குக் காலையில அண்ணன் வந்துடுவான்!" என்றார் அம்மா.

"இது முதல்ல, அம்மா."

கீழே போய், போல்ட்டுக்கு ஒரு சாண் மேலே கம்பியின் உறையைச் சீவி, மீதமிருந்த ஏரியலில் இறுக்கமாகச் சுற்றினாள். இரைச்சல் சட்டென்று நின்றது. ஒரு பெண் குரல், கூண்டுக்குள் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாகச் செய்தி வாசித்தது.

கேட் அக்கா சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். பிறகு, "முன்னாடி கூட இவ்வளவு நல்லாக் கேக்கலையே!" என்றார்.

கம்பியை ஆசையாக இழுத்துப் பார்த்தார். மேலே திருகாணி டப்பா கலகலவென்று ஆடியது. "யாரது?" என்று அம்மா ஜன்னலுக்கு ஓடி வந்தார். நட்டு மேலே ஓடிப்போய் இழுத்தபோது, கீழே போல்ட் கூண்டின் கண்ணாடியில் 'டக் டக்' என்று தட்டியது. இருவரும் மாறி மாறி இழுத்து விளையாடியதில் அன்றைய பொழுது போயே போய்விட்டது.

ஞாயிறு காலை விடிந்ததும் நட்டு அம்மாவை எழுப்பினாள். இந்த முறை முதல் வேலையாக அச்சுக்குக் கரி ஏற்றினாள். புஷ் வைத்தாள், ஒட்டினாள், ஆறவிட்டாள். விரலால் சக்கரத்தைத் தட்டினாள். அது சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது.

அப்போது போன் அடித்தது.

"நட்டு..." அண்ணன் குரலே சரியில்லை. "நாளைக்கு இருந்த பரீட்சையை இன்னைக்கே வச்சுட்டாங்க. வர முடியாது. கோச்சுக்காத."

"சரி" என்றாள் நட்டு. போனை அம்மாவிடம் கொடுத்தாள். அறைக்குப் போய்ப் பலகைக்கு அருகில் உட்கார்ந்து அழுதாள். அம்மா வந்து தலையைத் தடவியபோது இன்னும் அதிகமாக அழுதாள். கார் நன்றாக இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

வெகு நேரம் கழித்து வலது கையில் ஒரு விசையை எடுத்தாள். இடது கை மட்டும் நீளவில்லை. இன்றைக்கு அதை அண்ணன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கலகலவென்று டப்பா ஆடியது.

நட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கேட் அக்கா அண்ணாந்து பார்த்துக் கத்தினார். "அண்ணன் வந்தாச்சா? வண்டி ஓடுதா?"

"வண்டி ஓடுது. அண்ணன்தான் வரலை."

அக்காவின் முகம் வாடியது. நட்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "அக்கா, உங்க வேலை எப்ப முடியும்?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு மணிக்கே முடிஞ்சிடும். ஏன்?"

நட்டு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டே காலுக்குக் கேட் அக்கா காக்கிச் சட்டையோடு வந்து, பலகைக்கு அருகில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். நட்டு அண்ணனின் விசையை அவர் கையில் கொடுத்தாள்.

"மெதுவா அழுத்துங்க. வளைவுல விட்டுடணும்."

அக்கா மெதுவாக அழுத்தவில்லை. அண்ணன் கார் முதல் வளைவிலேயே எகிறி அம்மாவின் துணிக்கூடைக்குள் விழுந்தது.

"ஐயையோ! கேட்டை உடைச்சுக்கிட்டுப் போயிடுச்சே!"

நட்டு சிரித்த சிரிப்பில் விசை கை நழுவியது. இரண்டாவது ஆட்டத்தில் கார் கட்டிலுக்கு அடியில் போனது. மூன்றாவது ஆட்டத்தில் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நட்டு முழு மூச்சோடு துரத்தியும் ஒரு கார் நீளத்தில் தோற்றுப்போனாள்.

தோற்றவள் துள்ளிக் குதித்ததை அக்கா புரியாமல் பார்த்தார். நட்டு நோட்டை எடுத்து மூன்றாவதாக ஒரு வரிசை போட்டு, 'கேட் அக்கா' என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்று என்று போட்டாள்.

மறுநாள் மாலை அண்ணன் போன் செய்தான்.

"பரீட்சை முடிஞ்சுது. அடுத்த மாசம் கட்டாயம் வருவேன். என் வண்டி நல்லா இருக்கா?"

"அன்னைக்குக் கேட்டப்போ பொய் சொன்னேன். புஷ் தேஞ்சு போயிருந்துச்சு. இப்ப நிஜமாவே நல்லா இருக்கு. நேத்து உன் வண்டி என்னை ஜெயிச்சுடுச்சு!"

"உன் இடது கைதானே?" என்று அண்ணன் சிரித்தான்.

"இல்ல."

"அப்ப ஓட்டினது யாரு?"

"இரு, நீயே கேட்டுக்கோ" என்ற நட்டு, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கம்பியை இரண்டு முறை இழுத்தாள். கீழே போல்ட் 'டக் டக்' என்று கண்ணாடியைத் தட்டியது. ரேடியோப் பாட்டுக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"என்ன நட்டு, இன்னொரு ஆட்டமா? வேலை முடிஞ்சுது, இதோ வந்துட்டேன்!"