யாரும் தொடாதீங்க!

சிறுமி குருவியின் அப்பா வண்ணம் பூசும் தொழிலாளி. மூன்றாம் மாடி உயரத்தில், சாரத்தின் மேல் நின்றுகொண்டு, ஏதேனும் ஒரு பாட்டை முணுமுணுத்தபடியே சுவர் முழுவதையும் பூசி முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் இப்பொழுது சொந்த வீட்டின் தரையைக் கண்டு அஞ்சினார்.

பக்கவாதத்தால் அவருடைய இடது கையும் இடது காலும் வலுவிழந்திருந்தன. மருத்துவமனையில் கைத்தடி ஊன்றி நடக்கப் பழகிய பிறகே வீடு திரும்பினார். ஆனால், வந்த வாரமே சமையலறை வாசலில் விழுந்துவிட்டார். பெரிய அடி இல்லை. எனினும் அன்று முதல் கட்டிலை விட்டு இறங்க மறுத்தார்.

“நடக்கலைன்னா கால் இறுகிடும்னு டாக்டர் சொன்னாரே!” என்று அம்மா கெஞ்சினாள்.

“இறுகட்டும்” என்றார் அப்பா.

குருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா கடைக்குப் போனதும், கட்டிலின் ஓரத்தில் வந்து அமர்ந்தாள்.

“விழறதுக்கா பயப்படறீங்க, அப்பா?”

“விழறது ஒரு நொடி. அதுக்கப்புறம் நடக்குதே, அந்தக் கூத்து! உங்கம்மா இந்தக் கையைப் பிடிச்சு இழுக்கறா. எதிர்வீட்டுத் தையல்காரர் அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கறார். தோள்பட்டையே கழண்டுடுச்சோன்னு நினைச்சேன். சட்டைப் பொத்தான் ரெண்டு தெறிச்சுப் போச்சு.”

“அதை அவரே தைச்சுக் குடுத்துட்டாரே!”

“வேற நிறத்துல!” என்றார் அப்பா எரிச்சலுடன்.

குருவி சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். பிறகு மெல்லிய குரலில், “மூட்டையைத் தூக்கற மாதிரி தூக்கறாங்கம்மா” என்றார்.

மறுநாள், மருத்துவமனையிலிருந்து நடைப்பயிற்சி கொடுக்க வரும் அக்காவிடம் குருவி கேட்டாள்: “விழுந்தா அப்பா தானாவே எழுந்திருக்க முடியுமா, அக்கா?”

“ஏன் முடியாது? அதுக்கும் பயிற்சி இருக்கு.”

பாய் விரிக்கப்பட்டது. முதலில் குருவியே படுத்துக்கொண்டு, தன் இடப்பக்கம் வேலை செய்யாததுபோல் நடித்தாள். அக்கா சொல்லச் சொல்ல, வலப்பக்கம் புரண்டாள். வலது கையை ஊன்றினாள். நாற்காலியைப் பிடித்து மண்டியிட்டாள். பின்பு தவறான காலை முன்னே வைத்துப் பொத்தென்று சாய்ந்தாள்.

“வலது காலும்மா! எத்தனை தடவை சொல்றாங்க!” அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “தள்ளு, நான் காட்டறேன்.”

அக்காவின் துணையோடு அவர் பாயில் இறங்கினார். அன்று முதல் அந்தப் பயிற்சி நாள்தோறும் நடந்தது. அப்பா மீண்டும் நடக்கவும் தொடங்கினார்.

ஒரு காலை வேளையில் கைத்தடி வழுக்கியது. அப்பா கூடத்தின் நடுவில் விழுந்தார். சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். கழுத்தில் அளவு நாடாவுடன் தையல்காரரும் பாய்ந்து வந்தார்.

குருவி இரு கைகளையும் விரித்து மறித்தாள்.

“யாரும் தொடாதீங்க!”

“என்னடி பேசறே?” என்று அம்மா அலறினாள்.

“இரும்மா. அப்பா, தலை இடிச்சுதா? எங்கேயாவது வலிக்குதா?”

“இல்லடா.”

“மாமா, அந்த நாற்காலியை இப்படிப் போடுங்க.”

தையல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா மெதுவாகப் புரண்டார், மண்டியிட்டார். நாற்காலியைப் பற்றிய கை ஒருமுறை நழுவியது. தன்னை அறியாமல் நீண்ட அம்மாவின் கையைக் குருவி இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்பா மீண்டும் பற்றினார். வலது காலை முன்னே வைத்தார். முக்கினார், எழுந்தார், திரும்பி நாற்காலியில் அமர்ந்தார்.

எல்லோரும் ஒருசேரப் பெருமூச்சு விட்டனர். அம்மாவோ அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“நீ ஏன் கீழே உட்கார்ந்துட்டே?” என்றார் அப்பா, மூச்சு வாங்கியபடி. “நாற்காலி வேணுமா?”

அன்று மாலை, அப்பா தெருவாசல் வரை தாமாகவே நடந்து சென்றார். பின்னால் வந்த அம்மா, தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே இறுகக் கோத்துக்கொண்டு நடந்தாள்.