தாண்டி வந்த பெட்டிகள்

"மத்தவங்க பேசறத நம்ம பொட்டி ஏம்மா சொமக்கணும்?"

சுபஸ்ரீ இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கல்வராயன் மலையில் டவர் எட்டாத அந்தச் சிற்றூரில், நர்ஸ் குடியிருப்பின் மொட்டைமாடியில், கள்ளக்குறிச்சியில் ரேடியோ கடை வைத்திருக்கும் கொளஞ்சியப்பன் ஒரு சின்ன ரேடியோ பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம பேச்ச அவங்க பொட்டி சொமக்குது இல்ல, அதான்" என்றாள் அவள் அம்மா, ஊர் நர்ஸ் ரம்யா.

அந்தப் பெட்டிகளின் வலைக்குத் தலைமை இடம் என்று ஒன்று கிடையாது. போனில் எழுதுவது வீட்டுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து பெட்டி பெட்டியாகத் தாவி மலை முழுக்கப் பரவும். எழுதியவர் பெயர் வராது. எத்தனை பெட்டி தாண்டி வந்தது என்ற எண் மட்டும் கீழே நிற்கும். சொந்த வீட்டில் எழுதினால் பூஜ்யம். பெட்டிகளின் மேலும் பெயர் எழுதாமல்தான் கொளஞ்சியப்பன் கொடுத்தான். புருஷனிடம் அடிபட்டவள், வெளியே சொல்ல முடியாத நோய்க்காரன் எல்லாரும் அதில் பயமில்லாமல் கேட்டார்கள். ரம்யா பதில் எழுதினாள். யாரென்று கேட்காமல் செய்யும் உதவி சாமிக்குப் பிடித்த காரியம் என்று நம்புகிறவள் அவள்.

போன ஐப்பசியில் சுபஸ்ரீயைக் கட்டுவிரியன் கடித்தது. விஷமுறிவு மருந்து கீழே ஆஸ்பத்திரியில் இருந்தது. நடுவில் ஓடை கரை புரண்டு ஓடியது. ரம்யா வலையில் எழுதிப்போட்டாள். "ஓடைக்கு வாங்க. ஆழம் கம்மியான எடத்துல லைட்டு புடிக்கறேன். அக்கரையில ஜீப்பு நிக்கும்" என்று யாரோ பதில் போட்டார். வெள்ளத்தின் நடுவே நின்ற அந்த ஒற்றை வெளிச்சத்தை நம்பிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்தாள். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது வெளிச்சம் இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. "நீங்க யாருன்னு தெரியல. எது வேணும்னாலும் என்னக் கேளுங்க" என்று எழுதினாள். பதில் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட திங்கட்கிழமை மாலை, அந்தப் பழைய செய்திக்குக் கீழே பதில் வந்தது.

"குளுருது."

ஆறு பெட்டி தாண்டி வந்திருந்தது. மறுநாள் இன்னொன்று, நான்கு பெட்டி தாண்டி. "அன்னிக்கு லைட்டு புடிச்சனே, நான்தான்." எங்கே இருக்கிறீர்கள் என்று ரம்யா ஆசையாகக் கேட்டாள். புதன்கிழமை காலை, ஊறிய சுவரின் சுண்ணாம்பு வாடையும், டெட்டால் நெடியும், எங்கிருந்தென்று தெரியாமல் இரண்டு நாளாக வீட்டுக்குள் சுற்றிய ஆற்றுச் சேற்றின் மணமும் கலந்து கிடந்த சமையலறையில் அவள் நின்றபோது பதில் வந்தது.

"வந்துகினு இருக்கேன்."

இரண்டு.

எண் குறைந்துகொண்டே வருவதைக் கண்டு பயந்து ரம்யா கூப்பிட, மத்தியானம் கொளஞ்சியப்பன் பெட்டியைப் பார்க்க வந்தான்.

"பொட்டிக்குப் பேயி புடிக்காது நர்சம்மா, துருதான் புடிக்கும்" என்றான்.

"சிரிக்காதணா. இத்தப் படி" என்று போனை நீட்டினாள்.

படித்தான். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மெல்லக் கீழே வைத்தான்.

"சித்திரையில ஓடை வத்துனப்ப, வேருக்குள்ள ஒரு ஆளோட எலும்பு கெடச்சிதே."

"யாருன்னே தெரியலன்னு பொதைச்சிட்டாங்களே, அதுவா?"

"கையில டார்ச்சு. கழுத்துல நம்ம பொட்டி. எந்த வூட்டுதுன்னு எனக்கே தெரியல. பேரு எழுதலியே. தேடிக்கினும் யாரும் வரல."

"அந்தப் பொட்டி இப்ப எங்கணா?"

"கள்ளக்குறிச்சி கடையில, மேசைக்கு அடியில. அதுல பேட்டரியே இல்லம்மா." அவள் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்தான். "இத்த ஆஃப் பண்ணிடுங்க."

அவன் பைக் சத்தம் மழையில் கரைந்தது.

ஆறரைக்குக் கரண்ட் போனது. சுபஸ்ரீ கம்பளிக்குள் முடங்கித் தூங்கிவிட்டிருந்தாள். ரம்யா விளக்கேற்றி, முருகா என்று சொல்லிப் பெட்டியின் சுவிட்சில் விரல் வைத்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் செல்லியம்மாள் நிறைமாதம். இந்தப் பெட்டி அணைந்தால் அங்கிருந்து ஒரு சொல் இந்தப் பக்கம் வராது. அன்றைக்கு யாரோ இப்படி அணைத்துவிட்டுப் படுத்திருந்தால் தன் பிள்ளை இல்லை.

விரலை எடுத்தாள்.

போன் மினுங்கியது. ஒன்று.

"கொழந்த நல்லாருக்குதா?"

வாசற்படியில் தண்ணீர் சொட்டியது. தாழ்வாரத்தில் விழும் மழைச் சொட்டு இல்லை. நனைந்த துணியிலிருந்து விழுவதுபோல, கனமாக, ஒரே இடத்தில். சொட்டு. சொட்டு. கதவருகே சேற்று மணம். விளக்குச் சுடர் சாய்ந்தது. காற்று இல்லை.

"நல்லாருக்கா" என்று எழுதினாள். 

"கொஞ்சம் எடம் குடுப்பீங்களா. வெடிஞ்சா போயிடறேன்."

பூஜ்யம்.

வேண்டாம் என்று எழுதலாம். பிள்ளையை வாரிக்கொண்டு ஓடலாம். எங்கே. யாரும் தேடி வராத மனுஷன் அவர். நடுவெள்ளத்தில் அவர் நின்றது இவளுக்காக.

"வாங்க."

கதவு திறக்கவில்லை. பிள்ளைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த பாய் கறுத்தது. முதலில் தலை அளவு. அப்புறம் தோள். கால். ஆள் நீளத்துக்கு ஈரம். பாய் அமுங்கியது.

ரம்யா தன் கம்பளியை எடுத்துவந்தாள். அழுதுகொண்டே விரித்தாள். தரையில் படியாமல் அது மேடாக நின்றது. கால்மாட்டில் மண்டியிட்டு, குளிர் புகாதபடி ஓரத்தைச் செருகினாள். உள்ளே எலும்பு தட்டியது. கம்பளி மூச்சு விடவில்லை.

சுபஸ்ரீ தூக்கத்தில் புரண்டாள். அம்மா என்று நினைத்து அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டாள்.

கம்பளிக்கு அடியில் ஏதோ மெல்ல நகர்ந்து வந்து, அந்தச் சின்னக் கைக்கு நேர் கீழே நின்றது. பிறகு அசையவில்லை.