ஏற்றும் முன் எவ்வளவு?

"ஃபேனை எப்போதான் போடலாம்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் தீப்தியின் அப்பா. கையிலிருந்த செய்தித்தாள் விசிறியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

விஷ்ராந்த்வாடியில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நேரம் ஆக ஆக அதன் நீளம் எப்படிக் குறைகிறது என்று மறுநாள் வகுப்பில் வரைபடம் காட்ட வேண்டும். காற்றுப் பட்டால் கணக்கு கெட்டுவிடும்.

கால் மணிக்கு ஒருமுறை அளப்பது தீப்தியின் வேலை. ஏற்றும் முன் அளப்பது அவள் வகுப்புத் தோழன் அபினவின் வேலை.

முக்கால் மணி முடிந்ததும் தீப்தி சுடரை ஊதி அணைத்தாள். "பதினேழு, பதினாறு, பதினஞ்சு சென்டிமீட்டர். உன்னோட முதல் அளவு சொல்லு."

அபினவின் காது சிவந்தது. "மறந்துட்டேன்."

இருந்தது ஒரே ஒரு வேலை! தீப்திக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"இருபதுன்னு எழுதிடலாமா? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான் அபினவ்.

"நமக்குத் தெரியுமே."

"அப்ப வேற மெழுகுவர்த்தி ஏத்தலாம்."

"இன்னொரு முக்கால் மணியா!" என்று அலறினார் அப்பா.

தீப்தி அந்த மூன்று எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அபினவ், கால் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் குறையுது. எத்தனை கால் மணி ஆச்சுங்கறது எக்ஸ். நீளம் ஒய். ஏதோ ஒரு நம்பர்லேருந்து எக்ஸைக் கழிச்சா ஒய் வரணும். எக்ஸ் ஒண்ணா இருந்தப்போ ஒய் பதினேழு. அப்ப அந்த நம்பர்?"

"பதினெட்டு."

"ஏத்தறப்போ எக்ஸ் எவ்வளவு?"

"அப்பதான் நேரமே ஆகலையே. ஜீரோ... அரே! ஒய் பதினெட்டு!"

அவனே வரைபடத் தாளில் மூன்று அளவுகளையும் புள்ளிகளாக வைத்து, ஸ்கேலால் அவற்றைச் சேர்த்த கோட்டை இடப்பக்கம் நீட்டினான். அது நிமிர்ந்து நின்ற அச்சைச் சரியாகப் பதினெட்டில் தொட்டது. அப்பா ஓடிப்போய் ஃபேனைப் போட்டார்.

அந்தப் புள்ளியை மட்டும் தீப்தி நிரப்பாமல் வெறும் வட்டமாக வரைந்தாள். "இது நாம அளந்தது இல்லையே."

மறுநாள் கரும்பலகை அருகே நின்று தீப்தி காட்டிய வரைபடத்தைப் பார்த்த கணக்கு டீச்சர், "இந்த வட்டம் மட்டும் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார்.

தீப்தி வாய் திறப்பதற்குள் அபினவ் எழுந்தான். "நான் அளக்க மறந்துட்டேன், மேடம்."

வகுப்பே சிரித்தது. அவன் உட்காரவில்லை. "ஆனா கண்டுபிடிச்சுட்டோம். எப்படின்னு காட்டட்டுமா?"

டீச்சர் சாக்பீஸை நீட்டினார். தீப்தி நகர்ந்து நின்று அவனுக்குக் கரும்பலகையில் இடம் விட்டாள்.