வீக்கம் வடிந்த கண்

முகத்தில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டு அவள் கணவன் காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தான். வலக் கன்னம் பளபளத்தது. இடக் கன்னத்தில் முள்தாடி, அதன்மேல் காய்ந்த சோப்பு நுரை. ஊருக்கே முகம் மழித்துவிடும் சலூன்காரன்!

“என்னங்க, பாதியில கரண்ட் போயிடுச்சா?”

அவன் சிரிக்கவில்லை. தட்டிலும் வலப்பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு, “அவ்வளவுதானா?” என்றான்.

அவள் தட்டைத் திருப்பி வைத்தாள்; மிச்சத்தையும் தின்றான். சில மாதம் முன்பு புடைத்துப் பிதுங்கியது அவனுடைய இடக் கண்தான். கண்குழியில் அழற்சி என்ற டாக்டர், முதலில் துளிச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். “கண்ணுல கத்தியா? மாத்திரை குடுத்துப் பாருங்க டாக்டர்” என்று அவள்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மாத்திரையில் வீக்கம் மளமளவென்று வடிந்தது. அந்த இமையில் ஆசையாக முத்தம்கூட வைத்தாள்.

பாதி முகம் மழித்த அன்று மதியமே ஸ்கேன் எடுத்தார்கள்.

“மூளையில, வலப்பக்கம், நிணநீர்ப் புற்றும்மா” என்றார் டாக்டர். “அதான் இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியல. கண்ணுல இருந்ததும் இதுவாத்தான் இருக்கும். மாத்திரைக்குச் சுருங்கி, நம்ம எல்லாரையும் ஏமாத்திடுச்சு. காலையில சேர்த்துடுங்க.”

சாயங்காலம் அவள் அவன் சட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மூடிக் கிடந்த முன்னறைச் சலூனிலிருந்து, படிகார வாசனையோடும் ஈரச் சோப்பின் மணத்தோடும், தோல்வாரில் சவரக்கத்தி தீட்டும் ஓசை மெல்ல மெல்ல எழுந்து வந்தது.

சரக். சரக்.

ஓடினாள். அவனுடைய இடப்பக்கம் போய் நின்றாள்.

“என்னங்க...”

“எங்க இருக்கம்மா?” என்று வலப்பக்கமே தேடினான். அவள் சுற்றி வந்ததும் அவன் முகம் மலர்ந்தது. பாதி முகம்.

“வந்துட்டியா? கண்ணாடியில பாரு. எவனோ என் மூஞ்சியில ஒட்டிக்கிட்டு இருக்கான்.”

“அது நீங்கதாங்க. கத்தியைக் குடுங்க.”

“இந்தப் பக்கம்தான் நான். அது அவன்.” கொஞ்சுவதுபோல் சொன்னான். “அன்னைக்கு நீதானே கத்தி வேண்டாம்னு சொன்ன? அதான் தைரியமாத் தங்கிட்டான்.”

அவள் கை நீண்டது. எட்டவில்லை.

கத்தி நுனி நடுநெற்றியில் பதிந்தது. மெல்லிய சிவப்புக் கோடு. புருவங்களுக்கு நடுவே இறங்கியது. மூக்குத்தண்டின் மேல். நேராக. பழகிய கை.

“ஆடாதேடா” என்றான், கண்ணாடியைப் பார்த்து.

அவன் வலக் கண் கோட்டிலேயே நின்றது. இடக் கண் மட்டும், மறுபடியும் புடைத்து, இமைக்காமல், கண்ணாடிக்குள்ளிருந்து அவளையே பார்த்தது.