இருமாமல் வந்தவன்

வேலைக்குப் போன கணவன் மதியமே வீடு திரும்பியதைவிட, வந்ததிலிருந்து ஒரு தடவைகூட இருமாததுதான் அவளை உறுத்தியது. பன்னிரண்டு வருடமாக இருமிக்கொண்டேதான் வாசல் ஏறுவான்.

பித்தளைக் குழாய்களை ஆசிட் தொட்டியில் முக்கிப் பளபளப்பாக்கும் வேலை. மூன்று எண்ணுவதற்குள் தூக்கிவிட வேண்டும். காலையில் குழாய்க் கூடை கொக்கியிலிருந்து நழுவித் தொட்டியின் அடியில் போய்விட்டது. பித்தளை கொதித்து, பழுப்புப் புகை கூரையைத் தொட்டிருக்கிறது. சரக்கெல்லாம் கரைந்துவிடுமே என்று இவன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, குனிந்து கம்பியால் துழாவி எடுத்திருக்கிறான்.

"புகை உள்ள போச்சா?"

"கொஞ்சம். அப்பவே இருமித் தள்ளிட்டேன். இப்ப பாரு, பச்சப்புள்ள மாதிரி மூச்சு வருது."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ங்க."

"நல்லா இருக்கிறவனைக் கூட்டிட்டுப் போய் என்னன்னுடி சொல்லுவ? சோத்தைப் போடு முதல்ல." சிரித்தான்.

அவள் அண்ணனும் இப்படித்தான் சிரித்தான். அதே தொட்டி, அதே புகை. மூன்று வருடத்துக்கு முன், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இந்த அறையில்தான் படுத்தான். நெஞ்சுக்குள் கொளகொளவென்று கேட்டதைக் குறட்டை என்று நினைத்து, தூங்கட்டும் பாவம் என்று கதவை மெல்லச் சாத்தியவள் அவள்தான். சாயங்காலம் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மூச்சில் போன புகை நெஞ்சுக்குள் நீராகக் கோத்துவிட்டது என்றார் டாக்டர்.

ஆட்டோவுக்குப் போன் செய்தாள். பத்து நிமிடமாம்.

"தூங்கிடாதீங்க. அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன்."

"உத்தரவு, டாக்டரம்மா."

சமையலறையில் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, மூடி தடதடத்தது, வாளியில் ஊறப் போட்டிருந்த அவன் சட்டையிலிருந்து தொண்டையைக் கீறும் புளித்த நெடி கிளம்பி, ஆவியோடு கலந்து, வெயில் விழுந்த சுவரில் மங்கலாக நெளிந்தது. அவள் அடுப்பைத் திருகினாள்.

நெருப்பு அணைந்தது. மூடி அடங்கியது.

கொதிக்கும் சத்தம் அடங்கவில்லை.

தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. வாளித் தண்ணீர் அசையவில்லை.

கொளகொள.

கூடத்துக்கு வந்தாள். திறந்து விட்டுப்போன அறைக்கதவு சாத்தியிருந்தது. மெல்ல, தூங்குகிறவனை எழுப்பாதபடி யாரோ சாத்தியதுபோல. வீட்டில் வேறு யாருமில்லை.

தள்ளினாள்.

அவன் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். கண்கள் அவளையே பார்த்தன.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"என்னங்க!"

பதில் சொல்ல வாய் திறந்தான். சொல் வரவில்லை. இளஞ்சிவப்பாய் ஒரு குமிழி வந்தது. உடையாமல் பெருத்தது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று.